குரோமியத்துக்குக் கொடுத்த கடன்

வாலாஜாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “அமெரிக்காவில் பாழாய்ப்போன ஆலை நிலத்தைச் சுத்தம் செய்ய அரசாங்கமே கடனுக்கு ஏற்பாடு செய்கிறதாமே. மண்ணைக் கழுவ வாங்கிய கடனை யார் சார் அடைப்பது?” கூடவே, வீட்டுக் கிணற்றைப் பற்றியும் ஒரு கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பணக்கதையை முதலில் முடித்துவிடலாம். 1980-ல் அமெரிக்காவில் ஒரு கடுமையான சட்டம் வந்தது. விஷத்தைக் கொட்டியவர் போய்ச் சேர்ந்திருந்தாலும் சரி, இன்றைக்கு நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில் செலவு விழலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அதன்பிறகு பழைய ஆலை நிலம் என்றாலே வாங்க வந்தவர்கள் ஓடினார்கள். வங்கிகளும் அடமானம் பிடிக்க மறுத்தன. ஊர் நடுவில் இருந்த மனைகள் கூடப் புதர் மண்டிப் போயின. இப்படி நாலரை லட்சத்துக்கும் மேல் இடங்கள் இருக்கும் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. 2002-ல் இன்னொரு சட்டம் வந்து முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியது. முன்கூட்டியே மண்ணை முறையாக ஆராய்ந்து வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

கடன் ஏற்பாடு நமக்குப் பழகியதுதான். மகளிர் குழுக்களின் சுழல் நிதியை நினைத்துக்கொள்ளுங்கள். முகமை ஒரு மாநகராட்சிக்கோ மாநிலத்துக்கோ விதைப்பணம் தருகிறது. அவர்கள் சுத்தம் செய்ய முன்வருபவருக்குக் குறைந்த வட்டியில் கடன் தருகிறார்கள். அசலும் வட்டியும் திரும்பி வந்ததும் அடுத்த நிலத்துக்குப் போகிறது. மாசு செய்தவருக்கு மட்டும் இந்தக் கடன் கிடையாது. கடைசியில் கடனை அடைப்பது நிலம்தான்: சுத்தமானதும் விலை ஏறும், அந்த ஏற்றத்திலிருந்து பணம் வரும். அதனால், மனை விலை போகாத பொட்டலில் இந்த வித்தை பலிக்காது. அங்கே மானியம்தான் வழி.

சரி, சுத்தம் செய்யும் செலவு விலையேற்றத்தைவிடக் குறைவாக இருந்தால்தானே இந்தக் கணக்கு உதைக்காது? தோண்டி அள்ளி லாரியில் ஏற்றுவது செலவும் பிடிக்கும், விஷத்தை இடம் மாற்றுவதோடு நின்றும்விடும். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்கான மாற்று ஒன்றைச் சொல்லத்தான்.

வாசகரின் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்வோம். ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை, அதாவது குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை, ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் கழிவை விட்டுப்போனது. தோல் பதனிடப் பயன்படுவது பச்சை நிற மூவிணை குரோமியம். அதைத் தயாரிக்கும் வழியில் வருவதுதான் மஞ்சள் நிற ஆறிணை குரோமியம். தனிமம் ஒன்றுதான்; அணு மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலை முன்னது, ஆறை இழந்த நிலை பின்னது. குணம் நேர் எதிர். ஆறிணை குரோமியம் குரோமேட்டாக நீரில் கரைந்து திரிகிறது. அதற்கு எதிர் மின்சுமை, களிமண்ணுக்கும் எதிர் மின்சுமை. ஒட்டாது. நிலத்தடி நீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். போதாக்குறைக்கு அதன் வடிவம் சல்ஃபேட்டை அச்சில் வார்த்தது போல இருப்பதால், நம் செல்கள் ஏமாந்து கதவைத் திறந்துவிடுகின்றன. மூவிணை குரோமியமோ சாதாரண நீரில் கரையாமல் ஹைட்ராக்சைடாகப் படிந்து கிடக்கும்.

அப்படியானால் குரோமியத்தை அப்புறப்படுத்தவே வேண்டாம். ஆறை மூன்றாக்கினால் போதும். அதற்கு ஒவ்வோர் அணுவுக்கும் 3 எலக்ட்ரான் கொடுக்க வேண்டும். யார் கொடுப்பது?

மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அவற்றுக்குத் தீனி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கறுத்த பாகு, மொலாசஸ். பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் ஒரு விமான எஞ்சின் ஆலையின் அடியில் 1997 முதல் இதைச் செய்தார்கள். நீர் கலந்த மொலாசஸைச் சுமார் 20 கிணறுகளில் இறக்கினார்கள். பாக்டீரியா சர்க்கரையைத் தின்றதும் அதன் கையில் எலக்ட்ரான்கள் சேரும். அவற்றை யாரிடமாவது தள்ளிவிட்டால்தான் அதற்குப் பிழைப்பு. முதலில் ஆக்சிஜனிடம் தள்ளும். சர்க்கரை அதிகம் என்பதால் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். அப்புறம் நைட்ரேட், இரும்பு, குரோமேட் என்று அகப்பட்டவரிடமெல்லாம் தள்ளும். இரும்பு வாங்கியதைத் தானும் வைத்துக்கொள்ளாமல் குரோமேட்டிடம் தள்ளிவிடும். குரோமியம் வாங்கிக்கொண்டு அப்படியே பாறை இடுக்கில் உட்கார்ந்துவிடும். வாராக்கடன் நன்மை செய்யும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்!

ஆறு மூன்றாகும்போது வரும் நிறமாற்றத்தைப் பழைய காலப் போலீசார் சாலையிலேயே பார்த்திருக்கிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரை ஊதச் சொன்ன குழாயில் இருந்தது ஆரஞ்சு நிற டைக்ரோமேட், அதுவும் ஆறிணை குரோமியம்தான். மூச்சிலுள்ள ஆல்கஹால் எலக்ட்ரானைக் கொடுத்ததும் அது பச்சையாகும்.

ஒரு வில்லனும் உண்டு. மண்ணில் மாங்கனீசு டைஆக்சைடு இருந்தால் அது மெல்ல மெல்ல அந்த எலக்ட்ரான்களைப் பிடுங்கி, மூன்றை மறுபடி ஆறாக்கிவிடும். குரோமேட் ஆலைகள் சுண்ணாம்பு சேர்த்து வறுத்த தாதுவின் கழிவில் காரத்தன்மை வேறு அதிகம், பாக்டீரியா திணறும். ஆகவே ஒவ்வொரு மண்ணையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். அந்தப் படிப்புக்குத்தான் நம் ஊரில் காசு கிடைப்பதில்லை என்பது என் புலம்பல். மனை வாங்கும்போது ஈசான மூலை பார்க்க ஆள் கூட்டி வருகிறவர், அங்கே முன்பு என்ன ஆலை இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. 2025-ல் மத்திய அரசு கொண்டுவந்த மாசடைந்த இடங்களுக்கான விதிகள், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்கின்றன. ஆலையே மூடிப்போன இடங்களில் வசூலிப்பது எப்படி என்பதைப் பார்க்கத்தான் போகிறோம்.

இனி கிணறு. “மஞ்சளாகத் தெரிந்தால் நானே மொலாசஸ் ஊற்றலாமா?” என்று கேட்டிருக்கிறார். ஊற்றாதீர்கள் ஐயா. ஆக்சிஜன் போன நீரில் இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும், சில மண்ணில் ஆர்செனிக்கும் வரும், அழுகிய முட்டை வாடை தனி. அதைவிட முக்கியம், மஞ்சளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். குடிநீரில் குரோமியத்துக்கு நம் தர நிர்ணயம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவைப் போலப் பல மடங்கு இருந்தாலும் தண்ணீர் பளிங்கு போலத்தான் இருக்கும். ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுங்கள். குரோமியம் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.