ஓக்குலர் ட்ராமா: விழிக்காயம்

மருத்துவமனைச் சீட்டில் ‘ஓக்குலர் ட்ராமா’ என்று பார்த்தால், கண்ணில் அடிபட்டது என்றுதான் புரிந்துகொள்கிறோம். அது பாதிப் பொருள்தான். சுண்ணாம்பு தெறித்து ஓடிவந்தவருக்கும், வெல்டிங் ஒளியால் கருவிழி வெந்தவருக்கும் அதே பெயர்தான். அங்கே அடியே இல்லை.

‘ஓக்குலஸ்’ இலத்தீனில் கண். ‘ட்ராமா’ கிரேக்கத்தில் காயம். மனக்காயத்துக்கு அச்சொல் வந்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

தமிழில் ‘ஊறு’ அழகாகப் பொருந்தும். ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்னும் குறளில் அது தொடு உணர்வு. ‘இடையூறு’ என்கையில் கேடு. ஆனால் ‘கண்ணூறு’ என்றால் திருஷ்டி என்று ஏற்கெனவே பொருள் நிலைத்துவிட்டது. ஆகவே ‘விழிக்காயம்’ என்பதே என் தேர்வு. அடி, தீ, காரம் எல்லாம் அதில் அடங்கும். (காரம் என்றது அமிலத்துக்கு எதிரானதை. சுண்ணாம்பு அவ்வகை, பெரும்பாலும் அமிலத்தைவிட ஆழமாக அரித்து இறங்கும். பட்டவுடன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.)

கண் காயங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தும், 1996-இல் வெளியான பர்மிங்காம் வகைப்பாடு இரண்டு காயங்களைப் பிரித்துக் காட்டுகிறது: பொருள் உள்ளே நுழைந்த வாசல் மட்டும் இருப்பது ‘பெனட்ரேட்டிங்’, நுழைந்த வாசலோடு வெளியேறிய வாசலும் இருப்பது ‘பெர்ஃபொரேட்டிங்’. பல மொழிபெயர்ப்புகளில் இரண்டுமே ‘துளைத்தல்’ ஆகிவிடுகின்றன. நமக்கோ தனித்தனிச் சொல் உண்டு. முள் தைக்கும், அம்பு ஊடுருவும். தைத்த காயம், ஊடுருவிய காயம் என்றாலே போதும்.

கண் காயத்தோடு வருவோரில் வேலை செய்யும் வயது ஆண்களே மிகுதி. சிறுவர்களுக்குக் குச்சி, பென்சில், பந்து; முதியவர்களுக்குத் தடுக்கி விழுதல். ஆண்டுக்கு சுமார் 5.5 கோடிப் பேர் ஒரு நாளுக்கு மேல் முடங்கும் அளவு கண்ணில் காயப்படுகிறார்கள் என்பது 1998-இல் வந்த உலகளாவிய மதிப்பீடு.

உளியின் தலையில் சுத்தியலால் ஓங்கி அடிக்கிறார் ஒருவர். சிறு இரும்புச் சில்லு பறக்கிறது. சுருக்கென்று ஒரு குத்தல், கொஞ்சம் நீர் வடிதல், அவ்வளவுதான். பார்வை தெளிவாகவே இருப்பதால் இரண்டு நாள் கழித்து வந்து, “தூசி விழுந்துடுச்சு டாக்டர்” என்கிறார். இது தைத்த காயமாக இருக்கலாம். இரும்பு உள்ளேயே தங்கினால் துரு கசிந்து விழித்திரையைக் கெடுக்கும். “சுத்தியலால அடிச்சிட்டிருந்தேன்” என்ற ஒரு வரியைக் கேட்டதும் மருத்துவர் தேடுவதே வேறு: சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புவார், காந்தம் கொண்ட எம்.ஆர்.ஐ. பக்கம் போகவிடமாட்டார்.