டைமிங் பெல்ட்: நேரப்பட்டியா, ஒத்திசைவுப் பட்டியா?

கார் என்ஜினில் பிஸ்டனும் வால்வும் முறைதவறாமல் இயங்கவைக்கும் ரப்பர் பட்டி ஒன்று உண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் எந்த உதிரிப்பாகக் கடையில் கேட்டாலும் அதன் பெயர் டைமிங் பெல்ட்தான். யாழ்ப்பாணத்து எழுத்து வழக்கில் பழகியவர்கள் ‘ரைமிங் பெல்ற்’ என்பார்கள். தமிழில் எழுதியே ஆகவேண்டும் என்று வந்தால் ‘நேரப்பட்டி’ என்று போட்டுவிடுகிறார்கள். பட்டி சரி, நேரம்தான் இடிக்கிறது.

‘பெல்ட்’டின் மூலம் லத்தீனின் ‘பல்தெயுஸ்’, அதாவது வாளைத் தொங்கவிடும் வார். அதுவும் பழைய இத்தாலியின் எத்ருஸ்கரிடமிருந்து வாங்கிய சொல் என்று ரோம அறிஞர் வர்ரோ எழுதியிருக்கிறார். நமக்கு வார், பட்டை, பட்டி என்று மூன்றும் இருக்கின்றன. இலங்கையில் சீட் பெல்ட் ஏற்கெனவே ஆசனப்பட்டி ஆகிவிட்டதால், பட்டியே இருந்துவிட்டுப் போகட்டும்.

‘டைமிங்’ அப்படி எளிதாக முடிகிற விஷயமில்லை. நான்கு வீச்சு என்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். பிஸ்டன் இங்கே இருந்தால் வால்வு அங்கே இருக்கவேண்டும் என்ற அந்த உறவைக் காப்பதுதான் பட்டியின் வேலை. கார் கொழும்பின் காலி வீதி நெரிசலில் நின்றாலும் அதிவேகப் பாதையில் பறந்தாலும் உறவு ஒன்றேதான். மணிக்கூட்டு நேரத்துக்கு இதில் இடமே இல்லை. பாட்டு விரைந்தால் தாளமும் விரைகிறதே, அந்தப் பொருளில் சொன்னால்தான் ‘டைமிங்’ சரிவரும்.

பட்டியை வீட்டில் மாற்றிப் பார்ப்பவருக்கு இது சட்டென்று விளங்கும். டொயோட்டாவின் பழைய 110 கொரோலா காரை எடுத்துக்கொள்வோம். பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, வலப்பக்க முன்சக்கரத்தை எடுத்து, காரை ஸ்டாண்டில் ஏற்றியாயிற்று (ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கவேண்டாம்). கிராங்க் புல்லியின் வெட்டுக்குறி மூடியிலுள்ள பூச்சியத்துக்கு நேரே வரும்வரை சுற்றவேண்டும். மேலே கேம் பல்சக்கரத்தின் சிறு துளை வழியே பார்த்தால், பின்னாலுள்ள தாங்கி மூடியின் குறி தெரியவேண்டும். தெரியாவிட்டால் கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வந்துவிடும். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு கண்முன்னே நடப்பது அங்கேதான்.

புதுப் பட்டியைப் போட்டு, அதை இழுத்துப் பிடிக்கும் இறுக்கியைச் சரிசெய்த பிறகு சாவியைத் திருப்பிவிடக் கூடாது. கிராங்க் போல்டில் ஸ்பேனரை வைத்து, என்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்று. டொயோட்டாவில் அது வலஞ்சுழி. பழைய ஹொண்டாக்கள் பலவற்றில் இடஞ்சுழி. இடையில் எங்காவது கையில் தட்டினால் நிறுத்திவிடுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். இரண்டு குறிகளும் மறுபடி நேர்நின்றால் வேலை சரி. கிராங்க் பல்சக்கரத்துக்கு 20 பல் என்று வைத்தால், ஒரு பல் தவறினாலே 18 பாகை விலகல். அந்தக் கொரோலாவின் 5ஏ என்ஜினில் இதனால் இழுவைதான் குறையும். வால்வும் பிஸ்டனும் மோதும் வகை என்ஜின்களில், விலகல் கூடினாலோ பட்டி அறுந்தாலோ வால்வு வளைந்துவிடும். அந்த வகை என்ஜின் என்றால் பாஸை, அதாவது மெக்கானிக்கை, கூப்பிடுவதே மேல்.

அந்த ‘பாஸ்’ டச்சுக்காரர் விட்டுப்போன சொல். கைவினைத் தலைவரைக் குறித்த ‘பாஸ்’ சிங்களத்திலும் நம் பேச்சிலும் தங்கிவிட்டது. ‘கேம்’ என்பதும் டச்சு வழி வந்ததே. ‘கம்’ என்றால் சீப்பு, சக்கரத்தின் பல். தமிழ் நூல்களில் அதை நெம்புருள் என்கிறார்கள். ‘கிராங்க்’கின் வேர் வளைவு; அதற்கு அமைந்த ‘வணரி’யின் வேரும் வளைவையே குறிக்கும் ‘வணர்’. யாழின் வளைந்த தண்டைப் பழையோர் வணர்கோடு என்றார்கள். இவ்வளவு பொருத்தமான கலைச்சொல் அபூர்வம். ஆனாலும் கராஜில் போய் வணரி என்று சொல்லிப் பாருங்கள்!

பற்கள் வைத்த இந்த ரப்பர் பட்டியை முதலில் பெருமளவு உற்பத்திக் காரில் பூட்டியது மேற்கு ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம், 1962இல் விற்பனைக்கு வந்த கிளாஸ் 1004இல். ஜெர்மானியர் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘பல்வார்’. பிரெஞ்சுக்காரர் ‘பங்கீட்டு வார்’ என்கிறார்கள், எரிகலவையை சிலிண்டர்களுக்குப் பங்கிடும் வால்வுகளை நினைத்து. பல்வார் எனக்கு மிகவும் பிடித்த சொல். குட்டையானது, கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொல்வது. ஆனால் தையல் மெஷினிலும் பிரிண்டரிலும் பல்வார் இருக்கிறது, எதைச் சொல்கிறோம் என்ற குழப்பம் வரும்.

கணினித் தமிழில் ‘சிங்க்’ செய்வதற்கு ஒத்திசைவு என்ற சொல் நிலைத்துவிட்டது. பொறியியலிலும் இந்தவகைப் பட்டிக்குப் பொதுப்பெயர் ‘சிங்க்ரோனஸ் பெல்ட்’. ஆகவே எழுத்தில் ஒத்திசைவுப் பட்டி என்பதே என் தெரிவு. இன்னொரு வசதியும் உண்டு. கொழும்பில் இப்போது ஓடும் விட்ஸ், ஆக்சியோ போன்ற கார்களில் பட்டியே கிடையாது, அதே வேலையைச் சங்கிலி செய்கிறது. பல்வார் அங்கே செல்லாது. ஒத்திசைவுச் சங்கிலி என்று மாற்றிக்கொண்டால் போதும்.