சொல் விளக்கம்: சைக்கோபாத்

கொடூரமான கொலை ஒன்று நடந்துவிட்டால், கொலையாளி யாரென்று தெரிவதற்கு முன்பே ‘சைக்கோ கொலையாளி’ என்று செய்திகள் பெயர் சூட்டிவிடுகின்றன. ‘சைக்கோபாத்’ என்பதன் சுருக்கமான இச்சொல்லை நாம் ‘மனநோயாளி’ என்றே புரிந்துகொள்கிறோம். அது பிழை, மனநோயோடு வாழ்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் அது பெரும் அநீதி.

உள்ளம் என்று பொருள்படும் ‘சைக்கே’, துன்பத்தையும் நோயையும் குறிக்கும் ‘பாதோஸ்’ ஆகிய கிரேக்கச் சொற்களைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் ஆக்கப்பட்ட சொல் இது. தொடக்கத்தில் எல்லா வகை உளநோய்க்கும் பொதுப்பெயராக வழங்கியது. ஜெர்மானிய மனநல மருத்துவர் கோக், 1891இல் வெளியிட்ட தம் நூலில், மனநோய் என்று சொல்ல முடியாத ஆளுமைக் குறைகளுக்கு அதனை உரியதாக்கினார். பிரான்சின் பினெல், அறிவு கலங்காமலேயே வெறிச்செயலில் இறங்குவோரைப் பற்றி 1801இலேயே எழுதியிருந்தார். இன்றைய பொருளை உறுதிசெய்தவர் அமெரிக்க மருத்துவர் ஹெர்வி கிளெக்லி. கவரும் பேச்சு, குற்றவுணர்வின்மை, ஆழமற்ற உணர்ச்சி, பொய் ஆகியவற்றை 1941இல் அடையாளங்களாகத் தொகுத்த அவர், சிறைக்கே போகாமல் மதிப்பான தொழில்களில் இருப்போரையும் அவ்வகையில் சேர்த்தார். பின்னர் கனடாவின் ராபர்ட் ஹேர் 20 கூறுகள் கொண்ட அளவையை வகுத்தார். வட அமெரிக்காவில் அந்த அளவையில் 40க்கு 30 மதிப்பெண், ஒருவரைச் சைக்கோபாத் எனக் கணிப்பதற்கான எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

இதன் காரணங்களைத் தேடும் உயிரியல் ஆய்வுகள், அச்சத்தை உணரவும் பிறர் முகத்தில் தெரியும் அச்சத்தை இனங்காணவும் உதவும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி இவர்களிடம் மந்தமாக இயங்குவதைப் பல முறை சுட்டியுள்ளன. தண்டனை வருமென்ற அச்சமும் பிறர் வலியைக் கண்டு எழும் கூச்சமுமே குழந்தைக்கு ஒழுக்கத்தைக் கற்றுத்தருகின்றன என்பதால், அவை வலுவிழந்தவரிடம் அந்தப் பாடம் பதிவதில்லை என்பது உளவியலார் தரும் விளக்கம். இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கையும் காட்டுகின்றன. ஆயினும் குற்றத்துக்கென்று தனி மரபணு எதுவும் இல்லை. வளர்ப்பும் குழந்தைப் பருவக் கொடுமையும் அதனோடு பின்னிக் கிடக்கின்றன.

மனநோய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமும் பேணுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும், சித்தம் கலங்கியதால் தன் செயலின் தன்மையையோ அது தவறென்பதையோ அறிய இயலாதவருக்கே விலக்கு அளிக்கின்றன. நாம் பேசும் மனிதர் தவறென்று அறிந்தே செய்கிறார்; அறிவு அவருக்கு உண்டு, உறுத்தல்தான் இல்லை.

எனவே ‘மனநோயாளி’, ‘பைத்தியம்’, ‘மனச்சிதைவு’ மூன்றும் பொருந்தா. மனச்சிதைவு என்பது ஸ்கிசோஃப்ரினியா என்ற வேறொரு நோய். வழக்கிலுள்ள ‘உளப்பிறழ்வு’ நல்ல ஆக்கம். ‘பிறழ்’ என்பது நெறியிலிருந்து விலகுவது. நீதிமன்றச் செய்திகளில் வரும் ‘பிறழ் சாட்சி’யும் அறிவு மங்கியவர் அல்லர், முன்பு சொன்னதிலிருந்து விலகியவர். ஆனால் உளப்பிறழ்வு என்பதைச் சிலர், மெய்ம்மையோடு தொடர்பு அறுந்துபோகும் மனநோய் நிலையான சைக்கோசிஸுக்கும் ஆள்வதால், ‘உளப்பிறழ்வு ஆளுமை’ என்று விரித்து எழுதுவதே தெளிவு. மருத்துவர் கணித்துச் சொல்லும் வரை, செய்தியில் ‘கொலையாளி’ என்ற சொல்லுக்கு முன் எந்த அடையும் தேவையில்லை.