வத்திப்போச்சுன்னா மேல போச்சா, கீழ போச்சா? எவாப்பரேஷன், இன்ஃபில்ட்ரேஷன் சொல் விளக்கம்

கன்னங்குறிச்சி மூக்கனேரில தண்ணி கொறஞ்சா "ஏரி வத்திப்போச்சு"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டு போயிடுவோம், அது வெயிலுக்கு ஆவியா மேல போச்சா இல்ல மண்ணுக்குள்ள எறங்குச்சான்னு யாரும் பிரிக்கறதில்ல, பேச்சுக்கு அது போதும். ஆனா மழைநீர் வடிகால் கணக்கு போடற ஸ்வம் சாஃப்ட்வேர்ல (அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோடது, 1971லேந்து இருக்கு, இலவசம்) ரெண்டுக்கும் தனித்தனியா நம்பர் கேக்கும். மேல போறது எவாப்பரேஷன். கீழ எறங்கறது இன்ஃபில்ட்ரேஷன்.

எவாப்பரேஷனுக்கு சண்டையே இல்ல. லத்தீன்ல வபோர்னா ஆவி, நம்ம ஸ்கூல் புக்லயும் ஆவியாதல்தான், சரியா பொருந்துது. பேச்சுல சுண்டிப்போச்சுன்னும் சொல்வாங்க.

இன்ஃபில்ட்ரேஷன்தான் பிரச்சினை. இதுக்குள்ள இருக்கற ஃபில்ட்ரம்ங்கறது இடைக்கால லத்தீன்ல தண்ணி வடிகட்டற கம்பளித் துணி, அதாவது துணில எறங்கற மாதிரி உள்ள எறங்கறது. தமிழ்ப் பாடப்புத்தகத்துல ஊடுருவல்னு போட்டுட்டாங்க. ஊடு, உருவு ரெண்டும் சேந்தது அது, ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வர்றதுன்னு அர்த்தம், பேப்பர்ல எல்லை தாண்டி வர்றவங்களுக்கும் இதே வார்த்தைதான். மண்ணு தண்ணிய குடிக்கறதுக்கு இது ஒட்டவே இல்லைங்க. சரி ஊறல்னு வெக்கலாமான்னா, கெணத்துல தண்ணி ஊறுதுன்னா வெளிய வர்றது, துணி ஊறுதுன்னா உள்ள போறது, ரெண்டு தெசையும் ஒரே சொல்லுல வந்துருது. கசிவும் வேண்டாம், அது கசிவுநீர்க் குட்டைக்குன்னு ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, ஸ்வம்லயும் குட்டையோட அடில போற தண்ணிக்கு சீப்பேஜ்னு தனி பேருதான்.

என்னோட ஓட்டு இஞ்சுதலுக்கு. "ஊத்தின தண்ணிய மண்ணு இஞ்சிக்கிச்சு"ன்னு சொன்னா மேலேந்து உள்ள போறது ஒண்ணுதான் மனசுல வரும். ரிப்போர்ட்ல நீர் இஞ்சல்னு எழுதி, பக்கத்துல ஊடுருவல்னு ஒரு தடவ குறிச்சா யாருக்கும் கொழப்பம் வராது.

இந்தப் பிரிவினை ஏன் இவ்வளவு முக்கியம்னா அளவப் பாருங்க. ஒரு மணி நேரத்துல 50 மில்லிமீட்டர் கொட்டுதுன்னு வெச்சுக்குங்க. ஆவியாதல் ஒரு நாளைக்கு 5 மி.மீ.ன்னு எடுத்தாகூட மணிக்கு 0.2தான், அதுவும் மழை பேயறப்ப ஆவியாதலே வேண்டாம்னு ஸ்வம்ல ஒரு டிக் பண்ணிக்கலாம். ஆனா மண்ணு முழுசா ஊறுன பிறகு இஞ்சற வேகம், அந்த சாஃப்ட்வேர் கையேட்டு அட்டவணைப்படி, மணலுக்கு மணிக்கு சுமார் 120 மி.மீ., களிமண்ணுக்கு வெறும் 0.3. மண்ண தப்பா போட்டா வடிகால் சைஸே மாறிடும். அதனால சேலம் மாதிரி ஊருல தெரு வெள்ளத்துக்கு மாடல் போடறவங்க ஆவியாதல் நம்பருக்காக மெனக்கெடறத விட்டுட்டு மண்ணப் போய் பாக்கறதுதான் நல்லது.

பாக்கறதும் ஒண்ணும் பெரிய வித்த இல்ல. சின்னதும் பெருசுமா ரெண்டு இரும்பு வளையத்த ஒண்ணுக்குள்ள ஒண்ணா மண்ணுல அடிச்சு எறக்கி, ரெண்டுலயும் தண்ணி ஊத்தி, உள் வளையத்துல ஸ்கேல் வெச்சு எவ்வளவு எறங்குதுன்னு நிமிஷக் கணக்குல குறிக்கணும், வெளி வளையத்து தண்ணி எதுக்குன்னா உள்ள இருக்கறது பக்கவாட்டுல பரவாம நேரா கீழ போகணும்னுதான். மொதல்ல மளமளன்னு எறங்கும், போகப் போக மந்தமாகி ஒரே அளவுல நிக்கும். ஸ்வம்ல இஞ்சல் கணக்குக்கு இருக்கற ஹார்ட்டன் சமன்பாடு சொல்றது இந்த வளைவத்தான்: ஆரம்ப வேகம், கடைசி வேகம், எவ்வளவு சீக்கிரம் கொறையுதுங்கற எண்ணு. கூடவே ஸ்வம் காயற நாளும் கேக்கும், நல்லா நனைஞ்ச மண்ணு முழுசா காய எத்தனை நாள்னு, வழக்கமா 2லேந்து 14 நாள் போடுவாங்க. ஐப்பசில மழை விட்டு விட்டு பேயறப்ப ரெண்டாவது மழை ஏன் அதிகமா ஓடுதுன்னு மாடல் சரியா காட்டறது இந்த ஒரு நம்பராலதான். 1911ல கிரீன், ஆம்ப்ட்னு ஆஸ்திரேலியாக்காரங்க ரெண்டு பேர் கொடுத்த முறையும் ஸ்வம்லயே இருக்கு, அந்த முறை மண்ணோட உறிஞ்சு விசைய வெச்சு போகும்.

ஏற்காடு சரிவுல காப்பித் தோட்டத்து எல மக்குன மண்ணையும் திருமணிமுத்தாறு ஓடற டவுனு கான்கிரீட்டையும் ஒரே சப்கேச்மென்ட்ல (மாடல்ல மழைத்தண்ணி ஒரே எடத்துக்கு வடியற நிலத்துண்டு) போட்டு சராசரி எடுக்கறது தப்பு. கான்கிரீட்டு இஞ்சவே இஞ்சாது, பள்ளத்துல நிக்கறது மட்டும் வெயில்ல காயும். மலைய தனியா, டவுன தனியா வெட்டிக்கணும்.

ஆவியாதலுக்கும் எடம் உண்டு, ஒரு மழை நாளுக்கு மட்டும் இல்லாம வருஷம் முழுக்க மாடல ஓட்டறப்ப. 10 ஹெக்டேர் ஏரில 5 மி.மீ. போச்சுன்னா ஒரே நாள்ல 5 லட்சம் லிட்டர் காணாமப் போகுது. இதுக்கு ஆவியாதல் தட்டுல (தண்ணி ஊத்தி வெச்சு தெனம் எவ்வளவு கொறையுதுன்னு பாக்கற தட்டு) அளந்த நம்பர அப்படியே போடக்கூடாது, அந்த சின்ன தட்டு சீக்கிரம் சூடாகறதால ஏரிய விட அதிகமா ஆவியாகும், அதனால பொதுவா 0.7ஆல பெருக்கி எடுத்துக்குவாங்க. ஏரி அடில எறங்கற கசிவ இதோட கலக்காம தனியா கொடுங்க.