ஹார்மோன் சிகிச்சை: சொல் விளக்கம்

மார்பகப் புற்றுநோய்க்கு 'ஹார்மோன் சிகிச்சை' என்றதும், உடம்பில் ஹார்மோனை ஏற்றப் போகிறார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஹார்மோன் புற்றுசெல்களைத் தூண்டாமல் தடுப்பதுதான் இது. ஆகவே 'இயக்குநீர்த் தடுப்புச் சிகிச்சை' என்பதே பொருத்தம். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஹார்மோனைக் கொடுக்கும் 'ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை'யோடு இதைக் குழப்பவே கூடாது.

'ஹார்மோன்' கிரேக்க வேரிலிருந்து வந்தது. கிளப்பிவிடு, இயங்கச் செய் என்று பொருள். 1905இல் ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். (சூலகங்களை அகற்றினால் மார்பகக் கட்டி சுருங்குகிறது என்று அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896இலேயே எழுதிவிட்டார், அப்போது இந்தச் சொல்லே இல்லை.) 'இயக்குநீர்' வேர்ப்பொருளை அப்படியே தாங்கி நிற்கிறது. இலங்கைப் பாடநூல்களில் 'ஓமோன்'. 'வளரூக்கி' என்பாரும் உண்டு. எல்லா ஹார்மோனும் வளர்ச்சிக்கானதல்ல என்பதால் பொதுச்சொல்லாக அது சரிவராது.

அடுத்த சொல் 'ஏற்பி'. ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் செல்லின் புரதம் அது. 'ஏல்' என்ற வினையடியிலிருந்து வந்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் செல்லுக்குள் புகுந்து, உட்கருவிலுள்ள ஏற்பியைப் பற்றும். உடனே ஏற்பியின் வடிவம் மாறும். இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் அமரும். சைக்ளின் டி1 போன்ற புரதங்கள் கூடுதலாக உருவாகி, செல் பிளந்து பெருகும்.

டாமாக்சிஃபென் (வழக்கமாக நாளுக்கு 20 மி.கி.) ஈஸ்ட்ரோஜன் அமரும் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். லெட்ரோசோல் (2.5 மி.கி.) ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் அரோமட்டேஸ் நொதியை முடக்கும். மாதவிடாய் நிற்காதவருக்கு லெட்ரோசோலை மட்டும் கொடுத்தால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சூலகத்தை மேலும் முடுக்கிவிடும். சூலகத்தையும் சேர்த்து அடக்க வேண்டும்.

ஏற்பி இருக்கிறதா என்பதைத் திசுச் சோதனைதான் சொல்லும். 1% புற்றுசெல்களின் உட்கரு, ஏற்பியைக் காட்டும் சாயத்தை ஏற்றாலே 'நேர்மறை', அதாவது ஏற்பி உண்டு. வெட்டியெடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் விழவேண்டும். அதில் 6 முதல் 72 மணி நேரம் ஊறவேண்டும். தாமதித்தால் ஏற்பிப் புரதம் சிதைந்து, இருப்பதை 'இல்லை' என்று அறிக்கை காட்டக்கூடும். பலன் தந்திருக்கக்கூடிய மருந்து நோயாளிக்குக் கிடைக்காமலே போய்விடும்.

சிலருக்கு நாளடைவில் ஏற்பியின் மரபணுவே திரிந்து, ஈஸ்ட்ரோஜன் இல்லாமலேயே ஏற்பி இயங்கத் தொடங்கும். அங்கே லெட்ரோசோல் எடுபடாது. ஏற்பியையே அழிக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் போன்ற மருந்துகள் வேண்டும். அவற்றுக்குத் 'தடுப்பி' என்ற சொல் போதாது, 'ஏற்பிச் சிதைப்பி' என்றே எழுதலாம்.