வலக்கையா, இடக்கையா: எப்போது முடிவாகிறது?

எட்டு மாதக் குழந்தையிடம் ஒரு கிலுகிலுப்பையை நீட்டிப் பாருங்கள். காலையில் வலக்கை பிடுங்கும்; சாயங்காலம் இடக்கை முந்திக்கொள்ளும். "நொட்டாங்கைப் பிள்ளையோ?" என்று பாட்டி முகம் சுளிப்பார். அந்த வயதில் யாராலும் சொல்ல முடியாது, பாட்டி!

ஆனால் இந்தச் சாய்வின் தொடக்கம் பிறப்புக்கும் முந்தையது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹெப்பர், வயிற்றுக்குள் விரல் சூப்பும் சிசுக்களை ஸ்கேனில் கவனித்தார். பெரும்பாலானவை வலது கட்டைவிரலையே சூப்பின. அவர்களில் 75 பேரைப் பத்துப் பன்னிரண்டு வயதில் தேடிப்பிடித்துச் சோதித்த முடிவு 2005-ல் வந்தது. வலது விரல் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்கள். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்கள். மீதி 5 பேர் வலக்கைக்கு வந்துவிட்டார்கள். எனக்கு அந்த ஐந்து பேர்தான் முக்கியம். கருவிலேயே ஒரு சாய்வு இருக்கிறது, ஆனால் அதற்குப் பூட்டுப் போடவில்லை.

மரபணுவும் பாதிக் கதைகூடச் சொல்வதில்லை. இரட்டையர்களை வைத்துக் கணக்கிட்டால் அதன் பங்கு சுமார் கால்வாசிதான். ஒரே அச்சாகப் பிறந்த இரட்டையரில் ஒருவர் வலக்கை, மற்றவர் இடக்கை என்பதும் சகஜம்.

சரி, பிறகு ஏன் கைக்குழந்தை தடுமாறுகிறது? உடம்பு புதிது புதிதாகக் கற்பதால்தான். உட்கார, தவழ, நிற்கப் பழகும்போதெல்லாம் கைகளின் வேலையும் மாறுகிறது. நடை பழகும் நாட்களில், ஒற்றைக் கையால் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை திரும்பவும் இரண்டு கைகளையும் நீட்டும்.

எந்தக் கை நீளுகிறது என்பதைவிட டப்பாவைக் கொடுத்துப் பார்ப்பது மேல். ஒரு கை பிடித்துக்கொள்ள, மறு கை மூடியைத் திருகும். வலதோ இடதோ, திருகும் கைதான் பிள்ளையின் முதன்மைக் கையாகப் போகிறது. இரண்டு, மூன்று வயதில் இது தெளியத் தொடங்கி, பள்ளி செல்லும் வயதுக்குள் பெரும்பாலும் நிலைத்துவிடும். அதட்டி வலக்கையில் பென்சிலைத் திணித்தால் எழுத்து மாறும். ஆனால் அப்படி மாற்றப்பட்டவர்கள் பெரியவர்களாகி வலக்கையால் எழுதும்போதும், இடக்கையை இயக்கும் மூளையின் வலப்பாதி சும்மா இருப்பதில்லை என்று ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன.

இடக்கை என்பதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது வேறு: முதல் பிறந்தநாளுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பிடிவாதமாக நீட்டி, மறு கையை மூடியே வைத்திருக்கும் குழந்தை. அது ஒரு கையை விரும்புவதால் அல்லாமல், அந்த மறு கையின் பலவீனத்தால் இருக்கலாம். அது வலக்கையை நீட்டும் பிள்ளையாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.