மேலிருந்து வரும் வெந்நீர்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரி, எரிமலை வெடித்து உள்ளிடிந்த பள்ளத்தின் ஒரு பகுதியை நிறைத்துக் கிடக்கிறது. அதன் மேற்குக் கரையோரத்தில் 'மீன்பிடிக் கூம்பு' என்றொரு வெந்நீர் ஊற்று உண்டு. ஏரியின் குளிர்நீரில் பிடித்த மீனைத் தூண்டிலோடு அப்படியே அதில் முக்கி வேகவைப்பது ஒரு காலத்தில் பயணிகளின் பொழுதுபோக்காக இருந்தது. இப்போது தடை செய்யப்பட்டுவிட்டது.

இந்த நீரை எரிமலையே கக்குகிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால், இத்தகைய ஊற்றுகளின் நீரில் உள்ள கன ஹைட்ரஜனின் (எடை கூடிய ஹைட்ரஜன் அணுக்களின்) விகிதம் அந்தந்த வட்டாரத்து மழை, பனி நீரின் விகிதத்தோடு ஒத்துப்போவதைப் புவிவேதியியலாளர் ஹார்மன் கிரெய்க் 1950களிலும் 1960களிலும் செய்த ஆய்வுகளில் காட்டினார். கன ஆக்சிஜன் மட்டும் பல இடங்களில் சற்றுக் கூடுதலாக இருந்தது. பாறையில் ஆக்சிஜன் மிகுதி, ஹைட்ரஜன் சொற்பம். ஆகவே சூட்டில் பாறையோடு பரிமாறிக்கொள்ள நீருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆக்சிஜன்தான். நீர் வானத்திலிருந்து வந்தது. கீழே கிடைத்தது சூடும், கரைந்த உப்புகளும், கொஞ்சம் வாயுக்களும்.

மலைகளில் உருகும் பனி, ரியோலைட் என்ற எரிமலைப் பாறையின் விரிசல்கள் வழியே பல ஆண்டுகளாகக் கசிந்து ஆழத்திற்கு இறங்குகிறது. அது பாறைக்குழம்பைத் தொடுவதில்லை. குழம்பின் மேலிருக்கும் பாறை சூடேறியிருப்பதே போதுமானது. மேலிருக்கும் நீரின் எடை அழுத்துவதால், நூறு டிகிரியைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் இருக்கிறது. அருகிலுள்ள நாரிஸ் பகுதியில் 1960களில் தோண்டிய ஆழ்துளையில் 332 மீட்டரிலேயே 237 டிகிரி செல்சியஸ் பதிவானது. சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து எழ, பக்கத்தில் இறங்கும் குளிர்ந்த, கனமான நீர் அதை மேலே தள்ள, சுழற்சி ஓயாமல் நடக்கிறது. வரும் வழியில் பாறையைக் கரைத்து எடுத்த சிலிக்கா (மணலில் உள்ள கனிமப்பொருள்), நீர் குளிரும்போது விரிசல்களின் சுவரில் படிந்து வழியை மெல்ல அடைத்துவிடும். இறுகிய வழிகளை மறுபடி திறந்துவிடுவது பெரும்பாலும் நிலநடுக்கங்கள்தாம்.

இதில் ஏரிக்கும் பங்குண்டு. கடல்மட்டத்திலிருந்து 2,350 மீட்டருக்கு மேலான உயரத்தில் உள்ள அதன் கரையில் நீர் ஏறத்தாழ 93 டிகிரியில் கொதித்துவிடும். ஏரியின் அடியில், 120 மீட்டர் ஆழத்தில் உள்ள ஊற்றுவாய்களிலோ 174 டிகிரி வரை அளந்திருக்கிறார்கள். அந்த ஏரிநீர் திடீரெனத் தாழ்ந்து அழுத்தம் குறைந்தால், அடிநிலத்தின் வெந்நீர் நொடியில் ஆவியாகிப் பாறையைப் பிளந்து வெடிக்கக்கூடும். ஏரியின் வடகரையில் உள்ள மேரி விரிகுடா, சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் ஆவியாகி வெடித்த வெடிப்பொன்றில் பிறந்த, 2 கிலோமீட்டருக்கும் அதிக அகலமுள்ள பள்ளம். எரிமலைக் குழம்பு வெளிவராமலே நடந்த வெடிப்பு அது.